கைப்பிடிக்குள் இருக்கும் எழுத்து

ஜப்பானியக் குறுவாளை உறையிலிருந்து உருவினால் எழுத்து எதுவும் கண்ணில் படாது. அலகு முழுவதும் மெருகு. கூர்விளிம்பை ஒட்டி வெண்மையாக ஓர் அலைக்கோடு ஓடும், அவ்வளவுதான். எழுத்தைப் பார்க்கக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டி எடுத்தால் பிடி தனியே வந்துவிடும். உள்ளே இருப்பது மெருகேறாத, துருவால் கறுத்த அடித்தண்டு. அந்தத் துருவை யாரும் தேய்த்து எடுப்பதில்லை. வாளின் வயதைச் சொல்வது அதுதான். அந்தக் கறுப்பில் கொல்லன் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பான். சில வாள்களில் மட்டும் மறுபக்கத்தில் தங்கம் பதித்த இன்னொரு வரி இருக்கும். ஆண்டு, மாதம், நாள். வெட்டிச் சோதித்தவரின் பெயர், அவருடைய கையொப்பம். கடைசியாக ஒரு கணக்கு: இரண்டு உடல் துண்டிக்கப்பட்டது.

இந்தக் குறுவாளுக்கு வாகிசாஷி என்று பெயர். நீளம் ஏறத்தாழ 30 முதல் 60 செண்டிமீட்டர். சாமுராய் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும்போது நெடுவாளை வாசலில் கொடுத்துவிடுவார். குறுவாள் இடுப்பிலேயே இருக்கும். ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் வணிகர்களும் அதைச் செருகிக்கொள்ளலாம். வீட்டுக்குள் வந்து, பாயருகே இருந்து, தூங்குபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த வாள் அது. தங்க வரியுள்ள நெடுவாளைவிடத் தங்க வரியுள்ள குறுவாள் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். போர்க்களத்தின் பொருளாக அதை ஒதுக்கிவைக்க முடியவில்லை.

*

எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், மரண தண்டனைக்குப் பல படிகள் இருந்தன. ஒரு படியில் தலையை வெட்டியபின் உடலை உறவினரிடம் கொடுத்துவிடலாம்; அவர்கள் அழுது அடக்கம் செய்துகொள்வார்கள். அதற்கு மேற்பட்ட படியில் சொத்தும் போகும், உடலும் போகும். அந்த உடல் வாள் சோதனைக்கு. அது தீர்ப்பிலேயே அடங்கிய ஒன்று. செத்த பிறகும் தண்டனை முடியவில்லை என்பதே அதன் பொருள்.

சிறை வளாகத்திலேயே மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் உடலைக் கிடத்துவார்கள். நகராதிருக்க மூங்கில் முளைகள் அடிப்பார்கள். இரண்டு உடல் என்றால் ஒன்றன்மேல் ஒன்று. சோதிப்பவர் வாளின் வழக்கமான பிடியைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே செய்த கனத்த பிடியைப் பூட்டுவார். தலைக்கு மேல் ஓங்கி ஒரே வீச்சு. எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: தோளிலிருந்து குறுக்காக, அக்குளை ஒட்டி, விலாவில், இடுப்பெலும்பில். இடுப்பெலும்பு வெட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். வெட்டு சரியாக விழுந்ததா, எத்தனை உடலைக் கடந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகுதான் அடித்தண்டில் தங்கம் பதிக்கும் வேலை.

இரண்டு, மூன்று என்பதெல்லாம் அடிக்கடி காணப்படும் எண்கள். 1681-இல் சோதிக்கப்பட்ட கனேஃபுசாவின் நெடுவாள் ஒன்றில் ஏழு உடல் என்று பதிந்திருக்கிறது. அந்த எண்ணைப் படித்த இரவு வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை.

1797-இல் 'கைஹோ கென்ஜாகு' என்ற கைந்நூல் வந்தது. வாள்கொல்லர்களை வெட்டுத் திறனை வைத்து வரிசைப்படுத்திய நூல். முதல் வரிசையில் 12 பேர். அவர்களில் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டின் கொதெட்சு. இவர் முதலில் கவசம் செய்தவர். நடுவயதுக்குப் பிறகே வாளுக்கு மாறினார். உடம்பைக் காக்கும் இரும்பைப் பாதி வாழ்நாள் தட்டிய கை அது. எந்த இடத்தில் இரும்பு விட்டுக்கொடுக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்.

*

இந்த எழுத்துகளை நான் பார்த்தது பெரும்பாலும் படிகளில்தான். அடித்தண்டின்மேல் மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் தேய்த்து எடுப்பார்கள். இரும்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தாளில் இறங்கும். நம் கல்வெட்டுக்காரர்கள் கோயில் சுவரில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மைப்பொதியால் ஒற்றி எடுக்கும் மைப்படி நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் வேலை செய்பவர் குனிந்தபடி மணிக்கணக்கில் பேசாமல் இருப்பார். இரண்டிலும் எழுத்து தானாக மேலே வரும்.

படி அழகாக இருக்கிறது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். எழுத்தின் ஓட்டத்தில் பதற்றம் இல்லை. தங்க வரியில் கை நடுங்கிய தடம் இல்லை. வெட்டுக்குப் பிறகு நாள் கழித்து, வேறொரு பட்டறையில், நல்ல வெளிச்சத்தில் செய்த வேலை. அழகு அங்கே எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு அதன்முன் வெகுநேரம் இருந்திருக்கிறேன். கேள்வி குறையவில்லை. அழகும் குறையவில்லை.

அடித்தண்டு எவ்வளவு சொல்கிறது என்று வியக்க வேண்டும். கொல்லனின் பெயர், ஊர், பட்டம், சில சமயம் வாளைச் செய்யச் சொன்னவரின் பெயர். ஷோகுன் தொகுகாவா இயேயாசுவுக்கு வாள் செய்த எச்சிசென் யசுத்சுகு இன்னும் ஒரு படி மேலே போய், தெற்கிலிருந்து கப்பலில் வந்த அயல்நாட்டு இரும்பைச் சேர்த்தேன் என்று வெட்டிவைத்தார். அந்த இரும்பு சோழமண்டலக் கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறிய இந்திய உருக்காக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கலாம். நம் பக்கத்துக் கொல்லன் ஒருவன் மூசையில் உருக்கிய கட்டி மலாக்கா நீரிணை வழியாகப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் என் ஊரான பினாங்குத் தீவை அது தொலைவிலாவது கடந்திருக்கும்.

இரும்புக்கே ஊர் சொன்ன எழுத்து அது. சோதித்தவரின் வயதைக்கூடச் சொல்கிறது. அதே தண்டில், அதே தங்கத்தில், வெட்டுப்பட்டவர் ஓர் எண்.

*

சோதித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொதெட்சுவின் குறுவாள்கள் பலவற்றில் யமானோ காஎமோன் நாகாஹிசா என்ற பெயர் தங்கத்தில் இருக்கிறது. சிலவற்றில் தம் வயதையும் சேர்த்திருக்கிறார்: அறுபதைத் தாண்டிய வயது. வாழ்நாளில் 6,000-க்கும் மேற்பட்ட உடல்களை வெட்டியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர்களுடைய சாந்திக்காகவே டோக்கியோவின் மினோவா பகுதியில் இன்றும் இருக்கும் எய்க்கியூஜி கோயிலை எடுத்துக் கட்டினார். கோயிலுக்கும் அவர் பெயரே அமைந்தது.

பிறகு இந்த வேலை யமாதா குடும்பத்தின் கைக்கு வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை ஒரே பெயர்: யமாதா அசாஎமோன். ஷோகுனுக்காக வாள் சோதித்தார்கள், தலை வெட்டினார்கள். ஆனாலும் அரசின் முறையான பணியாளராக யாரும் அவர்களைச் சேர்க்கவில்லை; தலைவன் இல்லாத சாமுராய்களாகவே இருந்தார்கள். இறந்தவர்களின் ஈரலிலிருந்து மருந்து செய்து விற்றுப் பொருள் சேர்த்தார்கள். இதே குடும்பம் மூன்றாம் தலைமுறையிலிருந்து கவிதை பயின்றது. சாகப்போகிறவர் கடைசியாகச் சொல்லும் கவிதை வெட்டுபவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பயின்றதாகச் சொல்கிறார்கள். இக்கெபுகுரோவின் ஷோஉன்ஜி கோயிலில் வெட்டுண்டவர்களின் குடுமிக்காக ஒரு நினைவுக்கல்லும் வைத்தார்கள்.

ஈரலை விற்றதையும் கவிதை கற்றதையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க நான் முயல்வதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. கோயில் கட்டிய யமானோவுக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர் இருப்பது தெரிந்திருந்தது. அதை எழுத வாளில் இடம் இல்லை என்று எண்ணினாரோ, அல்லது வாளில் எழுதக் கூடாது என்று எண்ணினாரோ, கோயிலில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஜப்பானில் 1882-இல் தலைவெட்டும் தண்டனை முடிந்தது. அந்தக் குடும்பத்தின் தொழிலும் முடிந்தது.

*

பிணத்தை வாளால் வெட்டுவது நமக்குப் புதிதல்ல. இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

புறநானூற்றின் 74-ஆம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறையுடையது. சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பெற்ற அவமானத்தில் பாடியது என்பது மரபு. குழந்தை செத்துப் பிறந்தாலும், உருவமற்ற சதைப் பிண்டமாகப் பிறந்தாலும்கூட, வாளால் வெட்டியே புதைக்கும் வழக்கம் அதில் வருகிறது. ஔவையாரின் 93-ஆம் பாட்டிலும் நோயில் செத்த அரசரைப் புல்லில் கிடத்தி வாளால் பிளந்து அடக்கும் சடங்கு உண்டு. விழுப்புண் இல்லாமல் போகிறவருக்கு வீரர் உலகம் கிடைக்காது என்ற கவலை.

கொடுமையாகத்தான் படுகிறது. பெற்ற தாய் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் அந்த வெட்டு யாருக்காக விழுந்தது என்பதை நான் விட முடியாது. எடோவில் வெட்டினால் பெருமை வாளுக்கு. இங்கே பெருமை செத்தவனுக்கு, பெயர்கூட வைக்கப்படாத பிள்ளைக்கு. நம் வழக்கம் மேலானது என்று சொல்லவரவில்லை. வீரம் ஒன்றே மனிதன் என்று நம்பிய சமூகத்தின் வெட்டு அது. அதுவும் என்னைக் கலங்கவைக்கிறது.

நடுகல் வேறு. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. எழுத்து மிகக் கொஞ்சம். ஊர், பூசல், பெயர். கொன்றவன் யார், எந்த வாள், யார் அடித்த வாள் என்பதற்கு அந்தக் கல்லில் இடமில்லை. இடமெல்லாம் விழுந்தவனுக்கு. நான் அதை வாசிக்கும்போது அந்தவன் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

இனி என் ஊர்.

1941 டிசம்பர் 11 அன்று பினாங்கின் ஜார்ஜ் டவுன்மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைத்தெருக்களில் பிணங்கள் எடுக்க ஆளின்றிக் கிடந்தன. அதன்பின் வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் தீவைவிட்டுப் போய்விட்டார்கள். ஆசியர்கள் அப்படியே விடப்பட்டார்கள். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். பினாங்கில் இனி எதிர்ப்பு இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் தகவல் போகவும் ஏற்பாடு செய்தார். டிசம்பர் 19-இல் ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். அந்தக் கொடியை இறக்கியதற்காக இந்த ஊர் அவரை இன்னும் அதிகமாக நினைவில் வைத்திருக்க வேண்டும். ஜப்பானியர் அவரையும் சிறையில் வைத்தார்கள்.

தீவுக்குத் தோஜோ தோ என்று பெயர் வந்தது. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு மாறின. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. நோட்டில் வாழைமரம் வந்தது. அதிகாரிகளின் இடுப்பில் வாள் வந்தது.

அந்த வாள்களில் பெரும்பகுதி தொழிற்சாலையில் செய்தவை. ஆனால் எல்லாம் அல்ல. குடும்பத்தில் தலைமுறையாக வந்த பழைய அலகை எடுத்து ராணுவப் பிடியும் உறையும் போட்டுக்கொண்டு வந்த அதிகாரிகள் இருந்தார்கள். வெளியே பார்த்தால் 1940-களின் வாள். பிடியைக் கழற்றினால் மூன்று நான்கு நூற்றாண்டுக்கு முந்தைய கொல்லனின் பெயர். அப்படிப்பட்ட ஓர் அலகு லைட் ஸ்திரீட்டில் நடந்துபோயிருந்தால், எதிரே சைக்கிளை நிறுத்தி இறங்கி வணங்கிய நம் ஆள் எதைக் கண்டு தலை குனிகிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வணங்காவிட்டால் அறை விழும் என்பது மட்டும் தெரியும்.

எடோவில் செத்தபின் வெட்டினார்கள். இங்கே அந்த ஒழுங்கும் இல்லை. கொள்ளையடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தலைகளைச் சிங்கப்பூரில் 1942-இல் பொது இடங்களில் வைத்தார்கள். பினாங்கில் கெம்பெய்த்தாய் என்ற ராணுவப் போலீஸ் ஆட்களைப் பிடித்துப்போன கதை அந்தக் காலத்தைக் கண்ட ஒவ்வொரு சீனக் குடும்பத்திலும் உண்டு. போர் முடிந்து 1946-இல் பினாங்கிலேயே விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 35 பேர்; அவர்கள் பெயர், பதவி, தீர்ப்பு எல்லாம் பதிவில் இருக்கின்றன. செத்தவர்களின் எலும்புகளைத் தீவின் பல இடங்களிலிருந்தும் சேர்த்து, ஆயர் ஈத்தாமில் 1951-இல் சீன சமூகம் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 அன்று அங்கே மலர் வைக்கிறார்கள். அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது நான் எழுந்து நிற்க விரும்பி, கூட்டத்தில் நிற்க முடியாமல், கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்வேன்.

தமிழர் கதை இன்னும் சிக்கலானது. ஜப்பானியரின் துணையோடு நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் நம்மவர்களே, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்தவர்களும் நம்மவர்களே. பினாங்கில் இயங்கிய சுவராஜ் பயிற்சிக்கூடத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்குப் போன இளைஞர்களில் வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் பெயரை வரலாறு காப்பாற்றியது. அதே 1943-இல்தான் சயாமில் பெயரில்லாமல் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

*

சயாம் மரண ரயில் பாதை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் தண்டவாளங்கள் சந்தித்தன. மலாயாவின் தோட்டங்களிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். நல்ல கூலி, மூன்று மாத வேலை என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் சேராத இடத்தில் பிடித்து ஏற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் காட்டிலேயே விழுந்தார்கள்.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிவிட்ட புல், ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் தாய் சொல்லியனுப்பிய ஒரு வாக்கியம். அந்தப் பராமரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். இறந்தவரை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தில் எண்ணும் பெயரும் சேர்ந்தே இருக்கும், அதனால் கல் சாத்தியமாயிற்று. தோட்டத்து ஆளுக்கு இருந்தது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு வரி. அந்தக் கணக்குப் புத்தகங்களும் போரில் போய்விட்டன.

குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். கெடா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பிழைப்புக்குத் தீவுக்கு வந்தவர்.

"எங்க பெரியப்பா போனாரு தம்பி. லாரி வந்துச்சாம், ஏத்திக்கிட்டுப் போனானாம். அவ்வளவுதான்."

"அவர் பேர் என்னங்கய்யா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்பா அண்ணேன்னு சொல்வாரு. பாட்டி பெரியவனேன்னு சொல்லும். மத்தவங்க எல்லாம் சயாமுக்குப் போனவருன்னுதான் சொல்வாங்க. அப்ப ஏது ஐசி, பேரு பாத்து வச்சிக்க?"

பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே, "பாட்டி சாகுற வரைக்கும் அவருக்குச் சேத்துதான் உல வச்சிச்சு" என்றார்.

இதை எழுதிக்கொள்ளும்போது வாளின் தங்க வரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே நாள் துல்லியம், எண் துல்லியம், ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், ஒரு தாயின் உலை அரிசியில் ஒரு பிடியாக இருந்திருக்கிறார். நாள் இல்லை, இடம் இல்லை, பெயரும் கரைந்துவிட்டது.

*

ஒரு குறுவாளின் கதையை மட்டும் நாம் முழுதாகச் சொல்ல முடியும்.

தென்பகுதிப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்தவர் ஃபீல்ட் மார்ஷல் தெராவுச்சி. மலாயாவும் பர்மாவும் சயாமும் அவர் ஆணையின் கீழ். மரண ரயில் பாதையும் அந்த ஆணையின் கீழ்தான் போடப்பட்டது. 1945 செப்டம்பர் 2-இல் பினாங்கு கடலில் நின்ற 'நெல்சன்' போர்க்கப்பலில் ரியர் அட்மிரல் உவோசுமி கையெழுத்திட்டுத் தீவை ஒப்படைத்தார். மறுநாள் பிரிட்டிஷ் மரைன் வீரர்கள் கரை இறங்கினார்கள். செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரில் நடந்த பெரிய சரணடைவுக்குத் தெராவுச்சி வரவில்லை. பக்கவாதத்தில் இருந்தார், அவருக்குப் பதில் ஜெனரல் இத்தகாக்கி வந்தார். ஆனால் ஜப்பானிய அதிகாரிகள் வாளைக் கையால் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் நேசப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் உறுதியாக இருந்தார். நவம்பர் 30 அன்று சைகோனில் தெராவுச்சி தம் குடும்ப வாள்கள் இரண்டை அவர் கையில் ஒப்படைத்தார். அவற்றில் குறுவாள் 1413-ஆம் ஆண்டு என்று தேதியிட்டது. இப்போது அது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. தெராவுச்சியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1946 ஜூனில், ஜொகூர் மாநிலத்தின் ரெங்கத்தில், காவலில் இருந்தபோதே இறந்தார்.

ரெங்கம் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். சயாமுக்கு ஆள் கொடுத்த தோட்டங்களைப் போன்ற தோட்டங்கள்.

அந்தக் குறுவாளை வெறுக்க என்னால் முடியவில்லை. 1413-இல் அதை அடித்தவனுக்குத் தெராவுச்சியைத் தெரியாது. அது எந்தக் கைகளில் இருந்தது, எங்கே பயணம் போனது, யாரிடம் தரப்பட்டது, இன்று எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று அறுநூறு ஆண்டுகளாக ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். பாதுகாத்திருக்கிறார்கள். ஈரம் படாமல் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். ஒரு பொருளை இவ்வளவு கவனமாக நினைவில் வைக்க மனிதனால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நான் ஆத்திரப்படுவது அந்தக் கவனத்தின்மேல் அல்ல. அதில் ஒரு துளி தெராவுச்சியின் ஆணைக்குக் கீழே மண் சுமந்தவர்களுக்குக் கிடைத்திருக்கலாமே என்பதுதான்.

*

ஜார்ஜ் டவுனின் பாடாங் திடலில் மாலை நடை. கடற்சுவரின்மேல் பிள்ளைகள். போர் நினைவுத்தூணைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். கோட்டைச் சுவரின் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சரவணமுத்து கொடிக்கயிற்றை அவிழ்த்த இடம் இங்கேதான் எங்கோ. அவர் நினைத்திருப்பது வாளைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ அல்ல. இன்னும் ஒரு குண்டு விழுந்தால் இன்னும் எத்தனை பேர் என்பதை மட்டும்தான்.

*

2023 மே மாதம் காஞ்சனாபுரியில், வாட் தாவோர்ன் வராராம் புத்த விகாரையில், ரயில் பாதையில் செத்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பினார்கள். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கிய விகாரை அது. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் சேர்ந்து செய்த வேலை. எண்பது ஆண்டு கழித்து. பழைய சொல்லையே வைத்தார்கள், நடுகல் என்று. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தீயன் அந்தவன் நினைவுக்கு வந்தான். அவனுக்குக் கல் வைத்தவர்களுக்கு அவன் பெயர் தெரிந்திருந்தது. இந்தக் கல்லை வைத்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான பெயர்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் வைத்தார்கள்.

பெயர் தேடும் வேலையை இங்கேயும் செய்யலாம். பினாங்கிலும் எதிர்க்கரையிலும் கெடாவிலும், சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. கேட்க வேண்டியவர்களுக்கு எண்பதுக்கு மேல் வயதாகிறது. நான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பெயர். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயர். அப்பா பெயர். தோட்டம், டிவிஷன். லாரி ஏறிய ஆண்டு, மாதம். உடன் போனவர்கள். திரும்பியவர் யாராவது இருந்தால், கடைசியாக அவரை எந்த முகாமில் பார்த்தார் என்பது. முதல் வரியில் பெரியவரின் பெரியப்பா: பெரியவன், கெடா.